சொல்பேச்சுக் கேளாத விளக்குப் பட்டை

"இடது பக்கம் போடுங்கம்மா" என்றார் ஆய்வாளர்.

அண்ணி, ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே இண்டிகேட்டரைத் தட்டினாள்.

"இடதுன்னு சொன்னேன்."

"இடதுதான் போட்டிருக்கேன் சார்."

"ரெண்டு பக்கமும் எரியுதே."

அண்ணி சன்னல் வழியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தாள். அவளுடைய இழுவை வண்டியின் வால்பக்கத்தில், முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டுத் தூக்கப்பட்ட நிலையில், சோதனைக்கென்றே கொண்டுவந்த ஒரு பழைய கார் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஆய்வாளர் கோப்பைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றார். காருக்கு அப்பால் என்ன எரிகிறது என்பது அவள் கண்ணுக்கு எட்டவில்லை. ஆய்வாளர் முகத்தில் எரிந்தது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

பழுதாகி இழுபடும் காருக்குத் தன் விளக்கை எரிக்கும் தெம்பு இருக்காது. ஆகையால் அதன் முதுகில் ஒரு தற்காலிக விளக்குப் பட்டையை ஒட்டி அனுப்புவது வழக்கம். கை நீளத்துக்கு ஒரு கட்டை, இரு முனையிலும் சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள், அடியில் காந்தம், உள்ளே பேட்டரி. கம்பி கிடையாது. இழுவை வண்டியின் பின்புறத் துளையில் உள்ளங்கை அளவு பிளக்கு ஒன்றைச் செருகிவிட்டால் போதும். ஓட்டுநர் பிரேக்கை மிதித்தாலும் திரும்புவதற்கு விளக்குப் போட்டாலும் அந்தப் பிளக்கு கம்பியில்லாமல் பட்டைக்குச் சொல்லிவிடும். பட்டை அதை அப்படியே ஒப்பிக்கும். ஒப்பிக்க வேண்டும்.

"வலது போடுங்க."

போட்டாள்.

"இப்பவும் ரெண்டும்தான். அம்மா, நீங்க எங்க போகப்போறீங்கன்னு உங்களுக்கே முடிவு வரலையா?"

அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டாள். பணிமனையில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். கணவரின் தம்பி கூப்பிடத் தொடங்கியது, பெயின்டர் முதல் தண்ணீர் கொண்டுவருபவர் வரை தொற்றிக்கொண்டது. பதினோரு ஆண்டுகளாக அவள் வேலை தொலைபேசியோடு நின்றிருந்தது. எந்தச் சாலையில் எந்த வண்டி நின்றுபோயிற்று என்று கேட்டு எழுதி, கணவரைப் பெரிய வண்டியிலும் கொழுந்தனைச் சிறிய வண்டியிலும் அனுப்பிவைப்பாள். ஒரு நாளாவது அந்தப் பெரிய வண்டியைத் தானே கொண்டுபோய், நடுவழியில் நிற்பவரைக் கரை சேர்க்க வேண்டும் என்பது அவள் வெளியே சொல்லாத ஆசை. ஓட்டக் கற்று, எழுத்துத் தேர்வும் முடித்துவிட்டாள். கணவர் வண்டியிலிருந்து தவறி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்ட பிறகு அந்த ஆசை அவசியமாகவும் ஆகிவிட்டது. இன்று தேறினால் இழுவை உரிமம் அவள் பெயருக்கு வரும். தவறினால் அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்துத்தான். அதுவரை பெரிய வண்டி கூரையடியில் நிற்கும், அவள் மீண்டும் தொலைபேசியருகே உட்கார்வாள்.

அந்த நேரம் பார்த்துச் சோதனைத் திடலின் மதிலுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"என்ன அண்ணி, ஏதாவது ஒத்தாசை வேணுமா?"

கொழுந்தன்தான். இந்த ஒரு சொல்லை ஒரு நாளில் நாற்பது முறை சொல்வான் என்பதால் அண்ணனே அவனுக்கு 'ஒத்தாசை' என்று பட்டம் சூட்டியிருந்தார். அண்ணிக்குத் துணையாக இருக்கட்டும் என்று அவன் தன் சிறிய இழுவை வண்டியை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்திருந்தான். வண்டி நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியிருந்ததால், வருவோர் போவோருக்கு மரியாதையாக நான்கு மூலை விளக்குகளையும் மினுக்கவிட்டிருந்தான்.

"ஒன்னும் வேணாம். நீ அங்கேயே இரு."

அங்கேயே இருப்பவனாக இருந்தால் அவனுக்கு அந்தப் பட்டம் ஏன் வரப்போகிறது? வண்டியை விளக்குகளோடு அணைத்துவிட்டு, மதிலைத் தாண்டிக் குதித்து, மூச்சிரைக்க ஓடிவந்து பட்டையின் மேல் இரண்டு தட்டுத் தட்டினான்.

"இப்ப போடுங்க அண்ணி."

இடது போட்டாள், இடது மட்டும் எரிந்தது. வலது போட்டாள், வலது மட்டும். ஆய்வாளர் புருவத்தைத் தூக்கிக் கோப்பில் இரண்டு இடத்தில் கோடு கிழித்தார். ஒத்தாசை தன் உள்ளங்கையைத் தானே பெருமையாகப் பார்த்துக்கொண்டான். அதற்குள் வெளியே ஒரு லாரிக்காரர், "யாருய்யா இது, வழியை மறிச்சுக்கிட்டு" என்று கத்தவே, வண்டியை நகர்த்த ஓடினான்.

அவன் வண்டி உறுமிய சத்தம் கேட்டது. ஆய்வாளர் பேனாவைக் கீழே இறக்கினார்.

"எதுக்கும்மா பிரேக் மிதிக்கிறீங்க? நான் இன்னும் சொல்லலையே."

"நான் மிதிக்கலை சார். கால் கீழேதான் இருக்கு. வந்து பாருங்க."

வந்து பார்த்தார். கால் கீழேதான் இருந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தார். பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"மிதிக்காமலே பிரேக்குன்னு சொல்ற விளக்கை நம்பி, பின்னாடி வர்றவன் என்ன செய்வான்?" அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "மூணு மணிக்குக் கிளம்பிடுவேன். அதுக்குள்ள சரி பண்ணிக் கொண்டாங்க. இல்லைன்னா அடுத்த தேதிக்குத்தான்."

மணி பன்னிரண்டு.

ஒரு கிடங்கின் மதில் நிழலில் வண்டிகளை நிறுத்தினார்கள். ஒத்தாசை தன் வண்டியை அணைத்துவிட்டுக் கருவிப் பெட்டியோடு இறங்கிவந்து, உப்புத்தாளால் பட்டையின் பேட்டரி முனைகளைத் தேய்க்கலானான். அண்ணியின் கைப்பேசி ஒலித்தது. கட்டுப் போட்ட காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்த கணவர்.

"என்ன ஆச்சு?"

"விளக்கு சொல்பேச்சுக் கேக்கலைங்க. ஒன்னு போட்டா ஒன்னு எரியுது."

"எர்த் சரியில்லை. நான்தான் அன்னைக்கே சொன்னேனே."

"கம்பியே இல்லாத சாமானுக்கு எர்த் எங்கேருந்து வரும்?"

"அப்ப பேட்டரி. அவன் என்ன செய்யறான்?"

"தேய்க்கிறான்."

"நல்லாத் தேய்க்கச் சொல்லு."

"நல்லாத்தான் தேய்க்கிறேன்னு சொல்லுங்க அண்ணி" என்றான் ஒத்தாசை, தலையைத் தூக்காமல்.

அண்ணன் படுக்கையிலிருந்தும் தம்பி தரையிலிருந்தும் ஆளுக்கொரு நோய் கண்டுபிடித்தார்கள். துரு என்றார் ஒருவர். ஈரம் என்றான் மற்றவன். பக்கத்தில் கைப்பேசிக் கோபுரம் இருக்கிறதா என்று கணவர் கேட்க, இருக்கிறதென்று ஒத்தாசை சொல்ல, இருவரும் கோபுரத்தின் மேல் பழியைப் போட்டு ஐந்து நிமிடம் மகிழ்ச்சியாக இருந்தார்கள். இடையில் நின்ற அண்ணிக்குத் தலைக்குள் யாரோ உப்புத்தாள் போடுவது போல் இருந்தது.

இரண்டு மணி நேரத்துக்குப் பின் பட்டையைக் காரின் முதுகில் ஒட்டிச் சோதித்தார்கள். இடது, வலது, பிரேக் எல்லாம் இம்மியும் பிசகாமல் எரிந்தன. பத்து முறை போட்டாள், பத்து முறையும் சரியாக.

"பாத்தீங்களா, தேய்ச்ச தேய்ப்பு அப்படி" என்றான் ஒத்தாசை. "நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாலேயே வந்து விளக்கைப் பாத்துக்கிட்டே வர்றேன். போனை ஸ்பீக்கர்ல போட்டுடுங்க."

கிடங்குகளுக்கு நடுவே செல்லும் அகன்ற சாலையில் இரண்டு வண்டிகளும் கிளம்பின. கால் மைல் போயிருக்காது.

"அண்ணி, ஏன் பிரேக் போடறீங்க?"

"போடலையே."

"போட்டுட்டு போடலைங்கறீங்களே. எரியுதுல்ல. நானும் போட்டுட்டேன்."

"நான் போய்க்கிட்டுதான் இருக்கேன்."

"இல்லையே, இன்னும் மிதிச்சுக்கிட்டே இருக்கீங்களே. காலை எடுங்க அண்ணி, பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க."

அண்ணி பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். வெகு தூரத்தில், சாலையின் நட்டநடுவில், சிறிய வண்டி அசையாமல் நின்றது. அதன் பின்னால் ஏழெட்டு வாகனங்கள்.

"நீ எதுக்குடா நடுரோட்டுல நிக்கிற?"

"நீங்க நின்னீங்க, நான் நின்னேன். இப்ப அணைஞ்சிடுச்சு. சரி, வர்றேன்."

விரட்டிக்கொண்டு வந்தான். நெருங்கியதும் இயல்பாக வேகத்தைக் குறைத்தான்.

"மறுபடியும் போட்டுட்டீங்க பாருங்க. ஏன் அண்ணி, ஓட்டத் தெரியாத மாதிரி?"

அண்ணி பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, வண்டி ஒரு மரச்சாமான் கடையைக் கடந்துகொண்டிருந்தது. கடை முகப்பு முழுக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் தன் வண்டி போவதையும், தொங்கும் காரின் முதுகில் இரண்டு சிவப்பு விளக்குகள் செக்கச்சிவக்க எரிவதையும் அவள் கண்ணாரக் கண்டாள். அவள் கால் ஆக்சிலேட்டரில் இருந்தது. கண்ணாடியின் ஓரத்தில் ஒத்தாசையின் வண்டி முன்பக்கம் குனிந்து தேங்குவதும் தெரிந்தது.

கழுத்து மணியின் சத்தத்துக்கு மிரண்டு ஓடிய கன்றுக்குட்டியின் கதை ஒன்று உண்டு. ஓட ஓட மணி அடிக்கும். மணி அடிக்க அடிக்கக் கன்று ஓடும். களைத்து நின்றபோதுதான் சத்தமும் நின்றது. துரத்தியவன் பயந்து போய்விட்டான் என்று அது தாய்ப்பசுவிடம் பெருமை பேசிக்கொண்டதாம். சிறிய வண்டியில் உட்கார்ந்திருந்ததும் ஏறத்தாழ அந்தக் கன்றுதான்.

அண்ணி அடுத்து வந்த பெட்ரோல் நிலையத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஒத்தாசை பத்தடி பின்னால் வந்து நின்றான்.

"இறங்காதே. வண்டி ஓடிக்கிட்டே இருக்கட்டும்" என்றாள். காருக்குப் பின்னால் போய் நின்றாள். "பிரேக்க மிதி."

"எதுக்கு?"

"மிதிடா."

மிதித்தான். அவளெதிரே, ஆளில்லாத அவள் வண்டியோடு தொங்கிய காரில், பட்டை சிவப்பாக எரிந்தது.

"எடு."

அணைந்தது.

"இடது போடு."

இடது மினுங்கியது.

ஒத்தாசையின் முகம் மெல்ல மலர்ந்தது. "பாத்தீங்களா அண்ணி, இவ்வளவு தூரத்துலேருந்தும் வேலை செய்யுது. நல்ல சாமான்."

அண்ணி அவன் வண்டிச் சன்னலில் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் ஐந்து வரை எண்ணினாள்.

"தம்பி, நிதானமாக் கேக்கறேன். என் பட்டை உன் பிளக்கு பேச்சை எப்படிக் கேக்குது?"

"நான்தான் கத்துக் குடுத்தேன்" என்றான் ஒத்தாசை. "போன மாசம். நம்மகிட்ட ரெண்டு பட்டை, ரெண்டு பிளக்கு. அவசரத்துல எது யாரோடதுன்னு தேட வேண்டியிருக்குல்ல? அதான் ரெண்டு பட்டைக்கும் ரெண்டு பிளக்கையும் பழக்கி வெச்சுட்டேன். பட்டையில ஒரு பொத்தான் இருக்கு, அதை அழுத்திப் பிடிச்சா போதும். எதை எடுத்தாலும் எரியும். ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொல்லிக் காட்டறது நல்லாருக்காதுன்னு விட்டுட்டேன்."

"நீ எதையும் இழுக்காதப்பவும் பிளக்கு எதுக்குச் செருகியே இருக்கு?"

"கழட்டினா தொலைஞ்சிடும், கழட்டவே கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்காரே."

அண்ணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டதால் எதுவும் வெளியே வரவில்லை. காலையில் மதிலுக்கு வெளியே மினுங்கிய நான்கு விளக்குகளும், லாரிக்காரருக்கு வழிவிட அவன் மிதித்த பிரேக்கும் ஒவ்வொன்றாக அவளுக்கு விளங்கின. துணைக்கு வந்தவன் வண்டி பக்கத்தில் ஓடியவரை விளக்கு கெட்டது. அவன் வண்டி அணைந்தபோதெல்லாம் சரியாயிற்று.

மணி இரண்டு இருபது.

"இதோ, ஒரு நிமிஷத்துல மறக்கடிச்சுடறேன்" என்று ஒத்தாசை கதவைத் திறந்தான்.

"பட்டை மேல கை வெச்சே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அவளே போய் அவன் வண்டியின் பின்புறத் துளையிலிருந்து பிளக்கைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "நீ வர வேணாம். எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் நில்லு."

"பிளக்குதான் உங்ககிட்ட வந்திடுச்சே அண்ணி. நான் சும்மா வந்து..."

"தம்பி. நீ சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. இன்னைக்கு ஒரு நாள் பார்க்கறேன்."

அவன் முகம் சுருங்கியது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அவளுக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்ததும் பாவம் பறந்துவிட்டது.

திடலில் எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது. இடது, வலது, பிரேக், பின்னோக்கி ஓட்டுதல், வளைவில் திருப்புதல். ஆய்வாளர் கேட்டதைப் பட்டை ஒப்பித்தது. கடைசியில் அவர் ஒரு தாளை நீட்டினார்.

"இந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பிடுங்க."

'முதற்சோதனையில் தவறியதற்கான காரணம்' என்று அதில் அச்சடித்திருந்தது. அண்ணி பேனாவோடு நின்றாள். சரியாக அப்போது கணவர் அழைத்தார். நடந்ததைக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பேட்டரி வீக்குன்னு எழுதிட்டு வா" என்றார் அவர். "எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. இதைப் போய் எழுதினா, குடுக்கறதையும் குடுக்காம அனுப்பிடுவார்."

அது உண்மைதான். பேட்டரி என்று எழுத ஒரு வரி போதும். ஆனால் நடுச்சாலையில் நின்ற சிறிய வண்டியும் அதன் பின்னால் திணறிய ஏழெட்டு வாகனங்களும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. இன்று பிளக்கு கைப்பையில் இருக்கிறது. நாளை மழையில், ஒரே விபத்துக்கு இரண்டு வண்டிகளும் போனால்? பின்னால் வருகிறவர் நம்புவது அந்த இரண்டு சிவப்பு விளக்குகளைத்தான். ஓட்டுவது யார், பட்டைக்குக் கட்டளை இடுவது யார் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்?

"வெச்சுடறேங்க" என்றாள். கட்டத்தில் இடம் போதாமல் தாளின் பின்புறமும் எழுதினாள்.

ஆய்வாளர் ஒருமுறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"காலையில எனக்கு பிரேக் காட்டினது மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆளா?"

"ஆமா சார். என் கொழுந்தன்."

"பத்தொன்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன்" என்றார் அவர். "இந்தக் கட்டத்துல பேட்டரி தவிர வேற எதையும் நான் படிச்சதில்லை. அந்த வண்டி எங்க இருக்கு? கூப்பிடுங்க."

அழைத்தாள். கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. மீண்டும் அழைத்தாள். அப்போதும் அப்படியே. ஒரு நாளுக்கு நாற்பது முறை கூப்பிடாமலே வருகிறவன், கூப்பிட்ட ஒரே நாளில் கிடைக்கவில்லை.

ஆய்வாளர் மேசையில் விரலால் தாளம் போட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவர் முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தி எடுத்து, அவள் உரிமத் தாளின் மேல் ஓங்கிக் குத்தினார்.

"உங்களுக்குக் குடுத்தாச்சு. இந்தப் பட்டைக்கு இந்த ஒரு பிளக்குதான், வீட்டுக்குப் போனதும் மத்ததை அழிச்சிடணும். ஆனா அந்தச் சின்ன வண்டி, அதோட பட்டை, பிளக்கு எல்லாத்தையும் நான் பாக்கற வரைக்கும் அது எதையும் இழுக்கக் கூடாது. வெறும் வண்டியா ஓட்டிக்கிட்டுப் போகலாம், அவ்வளவுதான்."

"எப்ப சார் பாப்பீங்க?"

"ரெண்டு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் அவன் என்ன செய்வான் சார்?"

"உங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்" என்றார் ஆய்வாளர், பட்டப்பெயரைப் பற்றி ஒன்றும் அறியாதவராக.

அரை மணி நேரம் தேடியபின், ஊர் எல்லையில் ஒரு வெற்று மைதானத்தின் மறுகோடியில் சிறிய வண்டி தென்பட்டது. எஞ்சின் அணைந்திருந்தது. அவன் வண்டியிலிருந்தும் நூறடி தள்ளி, வெயிலில், கைகளைக் கால்சட்டைப் பைகளுக்குள் புதைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"போனை எதுக்கு அணைச்சு வெச்ச?"

"ஏதாவது அலை கிலை வந்து உங்க விளக்கைக் கெடுத்திடப் போகுதேன்னு. கடிகாரத்தைக்கூடக் கழட்டி வண்டியில வெச்சுட்டேன்." அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். கன்னங்கள் வெயிலில் கறுத்திருந்தன. "தேறிட்டீங்களா அண்ணி?"

"தேறிட்டேன்."

அவன் முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்த்தபின், அடுத்த சேதியைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னாள். காரணத்தை எழுதியது தான்தான் என்பதையும் மறைக்கவில்லை. ஒத்தாசை செருப்பு முனையால் மண்ணைக் கிளறினான்.

"நல்லா எழுதினீங்களா? புரியற மாதிரி?"

"பின்பக்கமும் எழுதினேன்."

"அப்ப சரி. மத்தவங்களும் இப்படிப் பழக்கி வெச்சிருப்பாங்க. அவங்களுக்கும் ஒத்தாசையாப் போகும்" என்றான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் அழைப்பு வந்தது. பாலத்துக்கு அடியில் ஒரு கார் நின்றுபோய்விட்டதாம். கணவர் படுக்கையிலிருந்தபடி தொலைபேசியில் கேட்டு, முதன்முதலாக அவளுக்கு இடம் குறித்துக் கொடுத்தார். அண்ணி பெரிய வண்டியின் கதவைத் திறந்தாள். பக்கத்து இருக்கையில் ஒத்தாசை ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தான். மடியில் தண்ணீர் பாட்டில், பட்டை, துடைக்கும் துணி.

"உங்க சீட்டை முன்னாடி தள்ளி வெச்சுட்டேன் அண்ணி. மூணு கண்ணாடியையும் உங்களுக்காகத் திருப்பி வெச்சிருக்கேன்."

அண்ணி ஏறி உட்கார்ந்தாள். ஸ்டீயரிங் வயிற்றில் இடித்தது. மூன்று கண்ணாடிகளிலும் வானம் தெரிந்தது. அவள் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் சாலை தெரியும்படி திருப்பி, சாவியைத் திருகினாள்.